பிரண்டை ஏன் அரிக்கிறது?

கேள்வி: வயது 54, சைவம். முழங்கால் பிடித்துக்கொள்கிறது. ‘தாவரக் கொலாஜன்’ பவுடர் வாங்கலாமா? பிரண்டைத் துவையல் அரைத்தால் தொண்டை அரிக்கிறது. எங்கே தவறு?
- வாசகி, மயிலாப்பூர்

பதில்: எந்தச் செடியிலும் கொலாஜன் கிடையாது, அது விலங்கு உடம்பில் மட்டும் உள்ள புரதம். டப்பாவின் பின்பக்கம் பாருங்கள், பெரும்பாலும் வைட்டமின் சி-யும் சில சாறுகளும்தான் இருக்கும். அதற்கு அந்த விலை கொடுக்காதீர்கள்.

தசைநாண், மூட்டு நார், குருத்தெலும்பு எல்லாவற்றுக்கும் கொலாஜன்தான் அடிப்படை. மூன்று இழை முறுக்கிய கயிறு மாதிரி. வைட்டமின் சி குறைந்தால் அந்த முறுக்கு நிற்காது. ஸ்கர்வி நோயில் ஈறில் ரத்தம் கசிவது இதனால்தான். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் பெண்களுக்குச் சொன்ன அளவு நாளைக்கு 65 மில்லிகிராம். பெரிய நெல்லிக்காய் ஒன்றோ, பாதி கொய்யாவோ போதும். பச்சையாக, நறுக்கிய உடனே சாப்பிடுங்கள். எலுமிச்சைச் சாற்றைச் செம்புச் சொம்பில் ஊற்றி வைக்கவே வேண்டாம்: செம்பு பட்டால் வைட்டமின் சி சீக்கிரம் சிதையும், புளிப்பில் செம்பும் கரைந்து இறங்கும். இழைகளுக்கு மூலப்பொருள் புரதம். அதனால் பருப்பு, சுண்டல், தயிரைக் குறைக்காதீர்கள்.

இனி பிரண்டை. அதில் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு, அவை குத்துவதுதான் அரிப்பு. முற்றிய தண்டில் நாரும் அதிகம். கணுவை ஒடித்தால் நார் இழுபடாத இளந்தண்டாக ஒரு கைப்பிடி எடுங்கள். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு கணுக்களை நீக்கி, நாலு ஓரத்து நாரையும் உரியுங்கள். இரண்டு மேஜைக்கரண்டி நல்லெண்ணெயில் சிறுதீயில் வதக்குங்கள். பச்சை நிறம் மங்கி, துண்டுகள் சுருளும்வரை, பத்து நிமிடமாவது. பலரும் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். பிறகு வறுத்த உளுந்து இரண்டு கரண்டி, மிளகாய் நாலு, சிறு எலுமிச்சை அளவு புளி சேர்த்து அரையுங்கள். புளியைக் குறைத்தால் அரிப்பு திரும்ப வரும். வாரத்துக்கு இரண்டு முறை, ஒரு கரண்டி. சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு வேண்டாம். எலும்பு முறிவுக்கு இதைக் கொடுப்பது பழைய வழக்கம்; தேய்ந்த குருத்தெலும்பை இது வளர்க்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். முழங்கால் வீங்கினாலோ சூடாக இருந்தாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மிளகு சேர்த்த மஞ்சள் மாத்திரை நல்லதா?
- வாசகர், பெரம்பூர்

பதில்: 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வில், மஞ்சளின் முக்கியப் பொருளான குர்குமின் 2 கிராமுடன், மிளகின் காரப்பொருளான பைபரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது குர்குமின் ரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கு வரை கூடியது. அதே காரணத்துக்காகத்தான் எச்சரிக்கையும்: ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், பித்தப்பைக் கல் அல்லது கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். குழம்பில் போடும் அரைக் கரண்டி மஞ்சளுக்கு இந்தப் பயம் கிடையாது.