எதை வைத்து?

அன்புள்ள டீச்சர்,

நான் பத்தாங் பெர்ஜுந்தையில் தையல் கடை வைத்திருக்கிறேன். எஸ்பிஎம் பள்ளிப் பரீட்சை வரைதான் படிப்பு, தவறாகக் கேட்டால் மன்னிக்கவும். போன வாரம் கைப்பேசியில் ‘அழகாக உடுத்தும் பத்து நடிகைகள்’ என்று ஒரு பட்டியல் வந்தது. எனக்குப் பிடித்தவரை ஒன்பதாவது இடத்தில் வைத்துவிட்டார்கள். வீட்டில் இருக்கும் நான்கு கைப்பேசியிலும் மாற்றி மாற்றி ஓட்டுப் போட்டேன், ஏறவில்லை. என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். “எல்லாம் அவரவர் ரசனை. நடிப்புக்குக் கொடுக்கிற விருதும் அப்படித்தான்” என்கிறார். நிஜமாகவே இதற்கெல்லாம் அளவுகோல் கிடையாதா?

ம.

அன்புள்ள ம.,

முதலில் தலையில் ஒரு குட்டு. நான்கு கைப்பேசிக்காக இல்லை. அது உன் பிரியம், போகட்டும். ‘எஸ்பிஎம் வரைதான்’ என்று எழுதினாயே, அதற்கு. தோள்தையல் அரை அங்குலம் இறங்கியிருந்தால் தெருவில் போகிறவளைப் பார்த்தே சொல்லிவிடுவாய் நீ. அந்தப் பட்டியலைப் போட்டவருக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியுமா என்பதுகூட நமக்குத் தெரியாது. அவரிடம் போய் மார்க் கேட்டு நிற்கிறாய்.

உடைப் பட்டியல்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இந்த வகையில் உலகம் அதிகம் பேசிய பட்டியலை 1940இல் நியூயார்க்கில் தொடங்கியவர் எலினார் லாம்பர்ட். அமெரிக்க ஆடை வடிவமைப்பாளர்களுக்கு விளம்பரம் தேடித் தருவதுதான் அந்த அம்மாள் தொழில். கடைக்காரர் கையிலேயே தராசு. அப்புறம், நடிகைகள் மேடைக்கு உடுத்தி வருவது பெரும்பாலும் இரவல் உடை, அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கவும் தனி ஆள். மார்க் யாருக்கு? சரி, விடு.

விருது விஷயத்தில் உன் வீட்டுக்காரர் சொல்வது பாதி சரி. ஆஸ்கார் 1929இலிருந்து கொடுக்கிறார்கள். ஒரு பிரிவில் போட்டியிடும் படங்கள் எல்லாவற்றையும் பார்த்தவர்தான் அதில் இறுதி ஓட்டுப் போடலாம் என்று விதி கொண்டுவந்தது 2025இல். நம் பக்கம் வந்தால் சிவாஜி. கெய்ரோவில் 1960இல் கட்டபொம்மனுக்காக அவரைச் சிறந்த நடிகர் என்றார்கள். இந்தியாவின் தேசியச் சிறந்த நடிகர் விருது எம்ஜிஆருக்கு ‘ரிக்‌ஷாக்காரன்’ படத்துக்காகக் கிடைத்தது, சிவாஜிக்குக் கடைசி வரை இல்லை. எங்கள் தோட்டத்து லய வீடுகளில் இதற்காக என் அப்பாவும் மாமாவும் ஒரு தீபாவளி முழுக்கப் பேசிக்கொள்ளவில்லை. அப்பா எம்ஜிஆர் கட்சி.

ஆனால் ‘எல்லாம் ரசனை’ என்ற அந்தச் சொல் இருக்கிறதே, அதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று சொல்கிறேன்.

1978. எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் போட்டி வைத்தார்கள். அம்மாதான் ஜெயிப்பாள் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோரே சொல்லிக்கொண்டிருந்தார். உன் வயதுக்காரர்கள் செம்பனையைப் பார்த்து வளர்ந்தவர்கள், அதனால் விளக்குகிறேன். பால்மரத்தில் வெட்டுக்கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிந்து இறங்கும். சீவுகிற பட்டை மெல்லிசாக இருக்க வேண்டும், தடியாகச் சீவினால் மரத்தின் ஆயுள் குறையும். ஆழம் போதவில்லை என்றால் பால் இறங்காது. ஆழம் கூடி உளி மரத்தைத் தொட்டுவிட்டால் அது ‘காயம்’. அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிற்பாடு அங்கே உளி ஓடாது. மரத்துக்கு மேல் ஒரு மில்லிமீட்டர் பட்டையாவது மிஞ்ச வேண்டும். இதை விடிவதற்கு முன்னால், நெற்றியில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில் செய்ய வேண்டும்.

அம்மாவுக்கு இரண்டாம் பரிசு. ஒரு பிளாஸ்க். வீட்டுக்கு வந்து அதை அடுப்படியில் வைத்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. மறுநாள் அவள் நேரே போய், போட்டியில் மரங்களைப் பார்த்து மார்க் போட்ட பரிசோதகரைக் கேட்டுவிட்டாள். அவர் வெளியூர்க்காரர், மலாய்க்காரர். ஒன்றும் பேசாமல் அம்மாவை நிரைக்குக் கூட்டிப்போய், ஒரு மரத்தில் இரண்டு இடத்தில் அவள் விரலைப் பிடித்து வைத்தாராம். விரல்நுனியில் மரம் தட்டியதாம். இரண்டு காயம். ஜெயித்தவளுக்கு ஒன்று. அன்று ராத்திரி அம்மா, “சரியாத்தான் பாத்திருக்கான்” என்று சொல்லிவிட்டு அந்த பிளாஸ்கில் காப்பி ஊற்றிக் குடித்தாள். அதற்கப்புறம் அந்தத் தோல்வியைப் பற்றி அவள் பேசவே இல்லை.

அதே வருடம் தோட்டத்தில் மாறுவேடப் போட்டி. அம்மா தலையணையைப் பிரித்து இலவம்பஞ்சு எடுத்து எனக்கு ஔவையார் நரை ஒட்டினாள். கையில் ஒரு காய்ந்த கொம்பு. பத்துப் பாட்டு மனப்பாடம். பரிசு போனது தோட்ட ஆபீஸ் பெரிய கிராணியின் மகளுக்கு. கோலாலம்பூரில் வாங்கிய இறக்கை வைத்த கவுன். அந்தப் பிள்ளை வாயைத் திறக்கவே இல்லை. அம்மா நடுவரிடம் போய், “எதை வச்சுக் குடுத்தீங்க?” என்றாள். அவர் சிரித்தார். “எல்லாம் ஒரு ரசனைதாம்மா.”

அம்மா சாகும் வரை அதை மறக்கவில்லை. நானும்தான்.

ஔவையார் தோற்றிருக்கலாம், ம. எனக்கு நடுவில் இரண்டு பாட்டு மறந்தும் போனது. ஆனால் விரலை வைத்துப் பார்க்க அங்கே ஓர் இடம் இல்லை. ‘ரசனை’ என்றவுடன் வாசலைச் சாத்திவிட்டார். உன் வீட்டுக்காரர் அதைச் சொல்லி விருதைக் கேலி செய்வதாக நினைக்கிறார். நடுவர்களுக்கு அதைவிட வசதியான வக்கீல் கிடைக்க மாட்டார்.

எழுதி வைத்த விதி என்றால் மோசமானதாகவே இருந்தாலும் சண்டைக்காவது போகலாம். 2016 மலேசியத் திரைப்பட விழா ஞாபகம் இருக்கிறதா? மலாய் அல்லாத படங்களுக்கு என்று தனிப் பிரிவு போட்டு ஒதுக்கினார்கள். மலாய்க் கலைஞர்களே எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள், விதி மாறியது, தோட்டத்தை விட்டுப் பெயர்ந்த நம் சனங்களின் கதையான தமிழ்ப் படம் ‘ஜகாட்’ சிறந்த படமானது. ‘எங்கள் ரசனை’ என்று மட்டும் சொல்லியிருந்தால் யார் எதைப் போய்ப் பிடிப்பது?

உன் கேள்விக்கு இதில் பதில் இருக்கிறதா என்று எனக்கே சந்தேகம். ஒன்று செய். அந்தப் பத்துப் பேர் படத்தையும் எடுத்து வைத்துக்கொள். முகத்தைக் கையால் மறை. தோள்தையல், கைக்குழி, டாட் மடிப்பு முடிகிற இடம், கழுத்து இறக்கம் மட்டும் பார். யாருக்கு எதனால் எந்த இடம் என்று எழுதி அனுப்பு, இங்கேயே போடுகிறேன். உன் ஆள் ஒன்பதிலிருந்து பத்துக்கு இறங்கினாலும் மறைக்கக் கூடாது.

அன்புடன்,
டீச்சர்