தங்கை சுமக்கலாம், கருமுட்டை தர முடியாது

கேள்வி: எனக்கு வயது 34. காசநோய் தாக்கி, கருப்பையின் உட்சுவர் ஒட்டிப்போய்விட்டது. கருமுட்டையும் மிகக் குறைவாம். 29 வயதான என் தங்கைக்கு இரண்டு குழந்தைகள். கருமுட்டையும் தந்து, குழந்தையையும் சுமக்கிறேன் என்கிறாள். முடியுமா?
- ஒரு வாசகி, செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: சுமக்கலாம் சகோதரி. கருமுட்டை மட்டும் தர முடியாது. வாடகைத் தாய் தன் சொந்தக் கருமுட்டையைத் தருவதை 2021-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பதிவு பெற்ற கருமுட்டை தான வங்கி வழியாக, 23 முதல் 35 வயதுக்குள் உள்ள, உங்களுக்கு அடையாளம் தெரியாத பெண்ணிடமிருந்துதான் அது வர வேண்டும். விந்தணு உங்கள் கணவருடையதாக இருக்க வேண்டும். 2023-இல் இப்படித் தானம் பெறவும் தடை இருந்தது; 2024 பிப்ரவரியில் தளர்த்திவிட்டார்கள். பழைய விதியைச் சொல்லி யாராவது கைவிரித்தால் சோர்ந்துவிடாதீர்கள்.

வங்கியின் பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள். ஆதாரில் வயதைத் திருத்தி, 16 வயதுச் சிறுமியிடம் கருமுட்டை எடுத்து விற்ற கொடுமை 2022-இல் ஈரோட்டில் வெளிவந்தது. விசாரணை சேலம் வரை நீண்டது. இதில் தயவு தாட்சண்யம் கூடாது.

ஒரு பெண் வாழ்நாளில் ஒருமுறைதான் தானம் தரலாம். 7 கருமுட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. ஏழில் ஐந்து கருவுற்று, இரண்டோ மூன்றோ ஐந்தாம் நாள் வரை வளர்ந்தாலே நல்ல விளைச்சல். தங்கைக்கு மொத்தம் மூன்று முயற்சிகள்தான் அனுமதி, பொதுவாக ஒருமுறைக்கு ஒரு கரு. மிஞ்சும் கருக்களை உறையவைப்பது பற்றி முன்பே பேசிவிடுங்கள்.

ஊசி போடும் முன் காகிதங்கள் முடிய வேண்டும்: மாவட்ட மருத்துவ வாரியச் சான்று, முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் நீதிமன்ற உத்தரவு, தங்கைக்கு 36 மாதக் காப்பீடு. வாரியச் சான்றில் கருப்பைக் குறையோடு, தானக் கருமுட்டை தேவை என்பதும் இருக்கட்டும். விட்டுப்போனால் மறுபடி அலைச்சல்தான். நம் ஊரில் அதிகம் இழுத்தடிப்பது இனிஷியல். ஆதாரில் ஒன்று, திருமணச் சான்றில் ஒன்று என்றிருந்தால் முதலில் திருத்துங்கள். பிரசவத்துக்குத் தங்கையை அவர் பெயரிலேயே சேருங்கள். பிறப்புப் பதிவில் பெற்றோராக உங்கள் இருவர் பெயரும் ஏற நீதிமன்ற உத்தரவே ஆதாரம். மருத்துவச் செலவு, காப்பீடு போன்ற சட்டம் அனுமதித்த செலவு தவிர, பணமோ நகையோ பேசிக்கொண்டால் குற்றம். தங்கையின் கணவரையும் முதல் நாளே உட்காரவைத்துப் பேசுங்கள்.

கேள்வி: கரு வைத்த அன்றே 20 கொண்டை ஊசி வளைவுகளில் மலை ஏறினால் கரு கழன்றுவிடுமா?
- ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: கழலாது. கருப்பையின் இரு சுவர்களும் ஒன்றையொன்று தொட்டபடி இருப்பதால் கரு குலுங்கி விழ இடமில்லை. படுத்தே கிடப்பதாலும் பலன் கூடுவதில்லை. வளைவில் வாந்தி வருபவர் என்றால் மருத்துவர் தந்த ஹார்மோன் மாத்திரையை வீடு சேர்ந்தபின் விழுங்குங்கள். கவலைப்பட வேண்டியது கருவைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனைப் பற்றித்தான். மாத்திரை கொடுத்துக் கருப்பையைத் தயார்செய்த சுழற்சியில் சினைப்பை அதைச் சுரக்காது. நஞ்சுக்கொடி பொறுப்பேற்கும் 10-12 வாரம் வரை வெளியிலிருந்துதான் கிடைக்கிறது. சேலத்திலேயே போதிய இருப்பு வாங்கிக்கொண்டு ஏறுங்கள். லேசான ரத்தக்கசிவு கண்டு நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரை அழையுங்கள். ரத்தம் பெருகினாலோ அடிவயிறு கடுமையாக வலித்தாலோ விடியட்டும் என்று காத்திராமல் இறங்கிவிடுங்கள்.