"என்னைத் தெரியுதா?" என்று வரும் செய்திக்குப் பதில் போட முன்னம்

கேள்வி: நான் விசுவமடுவில் இருக்கிறேன். 2008இல் இடம்பெயர முன்னம் என்னோடு ஒரே வகுப்பில் படித்த சிநேகிதியின் பெயரில் மெசஞ்சரில் செய்தி வந்தது. இப்போது லண்டனில் இருக்கிறாளாம், என் பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறாளாம். மூன்றாம் நாள் கொழும்பிலிருந்து ஒருவர் கோல் எடுத்து, "பெட்டி கஸ்டம்ஸில் நிற்குது, 38,500 ரூபா போடுங்கோ" என்று ஒரு கணக்கிலக்கம் தந்தார். அவள் உண்மையான ஆளாக இருந்தால் மனம் நோகுமே என்றும் யோசனையாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: காசு போடாதீர்கள். பெட்டி என்று ஒன்று வரவில்லை. சிநேகிதியைப் பற்றி மட்டும் இப்போதே முடிவு கட்ட வேண்டாம். அவளுடைய கணக்கைக் களவெடுத்தவர் எழுதியிருக்கலாம், அவளுடைய படத்தைப் போட்டு வேறொருவர் புதுக்கணக்குத் திறந்திருக்கலாம். இரண்டிலும் அவளுக்கு இது தெரிந்திராது.

தெரியாத செய்தி வந்தால் அழித்துவிடுங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். வன்னியில் அந்தப் புத்திமதி சரிவராது. 2009க்குப் பிறகு ஒரே வாங்கில் இருந்த பிள்ளைகள் கனடா, சுவிஸ், பிரான்ஸ், தமிழ்நாட்டு முகாம்கள் என்று சிதறிப்போனார்கள். இத்தனை வருடம் கழித்து உண்மையாகவே தேடி வருபவர்கள் இருக்கிறார்கள். மோசடிக்காரர் பிடித்துத் தொங்குவதும் அந்த நம்பிக்கையில்தான்.

முதலில் மெசஞ்சரில் மேலே போய், பேச்சுத் தொடங்கிய இடத்தைப் பாருங்கள். பெயரை, பாடசாலையை, ஆசிரியரை முதலில் சொன்னது யார்? "மறந்திட்டியா? ஆரெண்டு சொல்லு பாப்பம்" என்று அவர் கேட்டிருப்பார். "நீ எங்கட வகுப்பு இன்னாரா? கணக்கு ரீச்சரிட்ட அடி வாங்கினமே" என்று நீங்களே எடுத்துக் கொடுத்திருப்பீர்கள். பிறகு அவர் அதையே திருப்பிச் சொல்ல, உங்களுக்கு நம்பிக்கை வந்துவிடும். நீங்கள் கொடுத்ததைக் கழித்துப் பார்த்தால் அவர் பங்குக்கு என்ன மிஞ்சுகிறது? பழைய மாணவர் குழுக்களில் பெயர் போட்டுப் பகிர்ந்த வகுப்புப் படங்கள் கிடப்பதால், பாடசாலை, ஆண்டு, அதிபர் பெயர் எதுவும் அத்தாட்சி ஆகாது.

படத்தில் இல்லாததைக் கேளுங்கள். "எங்கட வீட்டுக்கு வர எந்த வாய்க்காலைத் தாண்டி வருவாய்?", "என்ர அம்மாவை என்னெண்டு கூப்பிடுவாய்?", "செட்டிக்குளம் முகாமில எந்தச் சோனில இருந்தனீங்கள்?" நடக்காத ஒன்றையும் கலந்து கேளுங்கள். அவளுக்கு அண்ணன் இல்லை என்றால், "அண்ணா இப்ப எப்பிடி இருக்கிறார்?" என்று கேட்க, பொய்யாள் "நல்ல சுகம்" என்பார். உண்மையான ஆள் "எந்த அண்ணா? உனக்கென்ன விசரா?" என்று ஏசுவார். ஒரு கவனம்: இயக்கம், தடுப்பு, புனர்வாழ்வு பற்றிய கேள்விகளை எழுத்தில் கேட்க வேண்டாம். அவை யார் கையில் போய்ச் சேரும் என்று தெரியாது.

இதைவிட நம்பகமான வழி மூன்றாம் ஆள். அவளுடைய சித்தியோ மாமாவோ ஊரில் இருந்தால், அவர்களிடம் ஏற்கெனவே உள்ள இலக்கத்தை வாங்கி நீங்களே கோல் எடுங்கள். செய்தி அனுப்பியவரிடம் இலக்கம் கேட்டால் தன் ஆளின் இலக்கத்தைத்தான் தருவார். +44இல் தொடங்கினாலும் ஆள் லண்டனில்தான் என்று இல்லை, அப்படியான இலக்கங்களை இணையத்தில் வாங்கலாம். வீடியோ கோலில் சில நொடி முகம் காட்டிவிட்டு "லைன் சரியில்லை" என்று வைத்தால் அதை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். தலையைப் பக்கவாட்டில் திருப்பி, கையை முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோகச் சொல்லுங்கள். பதிவுசெய்த வீடியோவால் அதைச் செய்ய முடியாது, போலியாக ஒட்டிய முகம் என்றாலும் அந்த இடத்தில் பெரும்பாலும் குழம்பும்.

இனிப் பெட்டி. தபாலில் வரும் பொதிக்கு வரி இருந்தால் தபாற்கந்தோர் மூலம் அறிவித்தல் வரும், பற்றுச்சீட்டோடுதான் காசு கட்டுவீர்கள். வீட்டுக்கு வீடு கொண்டுவரும் கார்கோ என்றால், அனுப்பியவரிடம் முகவரின் பெயரும் பெட்டி இலக்கமும் போட்ட துண்டு இருக்கும். அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, முகவரின் தொலைபேசி இலக்கத்தை ஊரில் பெட்டி எடுத்தவர்களிடம் வாங்கி விசாரியுங்கள். சுங்கத் திணைக்களம் தனியாளின் கணக்கிலோ ஈஸி காஷிலோ காசு போடச் சொல்லாது. உங்களுக்குத் தந்த கணக்கு யாருடைய பெயரில் என்று கேளுங்கள், அதிலேயே பாதி விளங்கிவிடும். 38,500 ஆரம்பம் மட்டும். கட்டியதும், "பெட்டிக்குள்ள பவுண்ஸ் அகப்பட்டிட்டுது, சான்றிதழ் எடுக்காட்டி உங்களிலதான் வழக்கு" என்று இலட்சக்கணக்கில் கேட்பார்கள்.

காசு கேட்காமல், "உனக்குத் தவறி ஒரு 6 இலக்கம் வந்திருக்கும், அனுப்பிவிடு" என்று மட்டும் கேட்டால் அது வட்ஸ்அப்பின் பதிவு இலக்கம். கொடுத்தால் உங்கள் கணக்கு அவர் கைக்குப் போய், அடுத்ததாக உங்கள் பெயரில் உங்கள் மச்சாளிடம் காசு கேட்பார். கொடுத்துவிட்டால் உடனே உங்கள் போனில் வட்ஸ்அப்பை உங்கள் இலக்கத்துக்கு மறுபடி பதியுங்கள். எஸ்.எம்.எஸ்.இல் வரும் புது இலக்கத்தைப் போட்டதும் அவர் வெளியேற்றப்படுவார். நீங்கள் வைக்காத இரகசிய இலக்கம் (PIN) ஒன்றைக் கேட்டால் 7 நாள் பொறுக்க வேண்டும், அதற்குள் அவராலும் உள்ளே இருக்க முடியாது. பிறகு இருபடிச் சரிபார்ப்பைப் போட்டு, இணைத்த சாதனங்களில் தெரியாதவற்றை நீக்குங்கள். நட்சத்திரக் குறியோடு தொடங்கும் எதையாவது அழுத்தச் சொல்லி அழுத்தியிருந்தால் உங்கள் கோல்கள் அவருக்குத் திரும்பியிருக்கும். ##002# என்று அழுத்தி நிறுத்துங்கள்.

இன்னொரு வகை, "உன்ர கணக்குக்குக் காசு வரும், ஆள் வருவார், எடுத்துக் குடு" என்பது. வங்கி வழியாக இல்லாமல் ஆள் மூலம் கைமாறும் உண்டியல் காசு எங்களிடையே புதிதல்ல என்பதால் பலர் யோசிக்காமல் சம்மதிக்கிறார்கள். வருவது இன்னொருவரிடம் ஏமாற்றிய காசாக இருந்தால், பொலிஸ் முதலில் வருவது கணக்குக்காரர் வீட்டுக்கு. 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடைச் சட்டம் அதில் குறுக்கிடும்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகளுக்கு வரும் செய்திதான் எல்லாவற்றிலும் கொடியது. "உங்கட மகன் இருக்கிறார், காசு தந்தால் கதைக்க வைப்பம்" என்பவருக்கு ஐந்து சதமும் கொடுக்க வேண்டாம். செஞ்சிலுவையின் குடும்பத் தொடர்புச் சேவையும், 2016இன் 14ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்த காணாமற்போனோர் அலுவலகமும் தேடுவதற்குக் காசு வாங்குவதில்லை.

ஏற்கெனவே காசு போட்டிருந்தால் முதல் மணித்தியாலம் முக்கியம், ஏனென்றால் இணையவழியில் போட்ட காசு உடனே மற்ற வங்கியில் விழுந்துவிடும். ஏ.டி.எம். அட்டையின் பின்பக்கத்தில் உள்ள 24 மணிநேர இலக்கத்துக்கு எடுத்து, போய்ச் சேர்ந்த கணக்கை நிறுத்தக் கேட்டு, முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வையுங்கள். செய்திகளை அழிக்க முன்னம், அந்த மெசஞ்சர் கணக்கின் முகப்பு, வங்கிக் கணக்கிலக்கம், திகதி தெரிய ஸ்கிறீன்சொட் எடுங்கள். வைப்புத்துண்டோடு பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். தமிழில் பதியக் கேளுங்கள், விளங்காத மொழியில் எழுதியதில் கையெழுத்து வைக்காதீர்கள். கணக்குக் களவு பற்றி, கணினி அவசர உதவி அமைப்பான இலங்கை சேர்ட்டின் (Sri Lanka CERT) 101 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் அறிவிக்கலாம். சில வாரத்தில் "போன காசை மீட்டுத் தாறம், முற்பணம் கட்டுங்கோ" என்று ஒருவர் வந்தால் அவரும் அதே கூட்டம்தான்.

உங்கள் விடயத்தில் இன்றைக்குச் செய்ய வேண்டியது இவ்வளவு: கொழும்பு இலக்கத்தைத் தடைசெய்யுங்கள். மெசஞ்சரில், "பெட்டி எனக்கு வேண்டாம், திருப்பி எடு. உன்ர சித்தியிட்டக் கதைச்சிட்டு உனக்கு எடுக்கிறன்" என்று மட்டும் எழுதுங்கள். அதற்குக் கோபித்தால், அவசரப்படுத்தினால், அல்லது சித்தியிடம் சொல்லாதே என்றால் அந்தக் கணக்கையும் தடைசெய்துவிட்டு, சித்தி மூலம் சிநேகிதிக்கு விடயத்தைச் சொல்லியனுப்புங்கள்.