கியூப்எம்எக்ஸில் கிளிக் பண்ணியது ரெஜிஸ்டரில் விழுந்ததா? கொழும்பிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

எஸ்டிஎம்32எஃப்103 மைக்ரோகன்ட்ரோலர் சிப் வரும் புளூ பில் பலகையை, திரையில் கிளிக் பண்ணினால் தொடக்கக் கோட்டை எழுதித் தரும் கியூப்எம்எக்ஸ் கருவியால் அமைப்பது பற்றிய கேள்விகள் இவை. ரெஜிஸ்டர் என்பது சிப்பின் ஒரு பகுதி எப்படி நடக்க வேண்டும் என்பதைப் பிட்களாக வைத்திருக்கும் இடம். ரெஜிஸ்டர் முகவரிகளும், உள்ளே இருக்கும் மதிப்புகளும் ஹெக்ஸில் (16 ஐ அடியாகக் கொண்ட எண்முறை). வேறு எண்கள் சாதாரண எண்கள்.

வெள்ளவத்தை: அண்ணா, பிசி13 காலை (சி போர்ட்டின் 13 ஆம் பின்) கிளிக் பண்ணி ஜிபிஐஓ அவுட்புட் (சாதாரண வெளியீடு) கொடுத்தேன். எல்இடி எரியுது. உள்ளே என்ன நடக்குது என்று வைவாவில் கேட்டால் என்ன சொல்வது?

இரண்டு ரெஜிஸ்டரில் எழுத்து விழுகிறது என்று சொல்லுங்கள். முதலாவது 40021018. அதில் பிட் 4 ஏறினால்தான் சி போர்ட்டுக்குக் கிளொக், அதாவது அதை ஓட வைக்கும் துடிப்பு, போகும். இரண்டாவது 40011004, அதாவது சி போர்ட்டின் சிஆர்எச். இதில் 8 முதல் 15 வரையான கால்களுக்கு, காலுக்கு நான்கு பிட். ரீசெட் ஆனதும் 44444444 என்று இருக்கும். எல்லாமே மிதக்கும் இன்புட். உங்கள் கிளிக்குக்குப் பிறகு 44244444. இடப்பக்கமிருந்து 15, 14, 13 என்று எண்ணிப் பாருங்கள், அந்த 2 தான் உங்கள் கால்: புஷ் புல், 2 மெகாஹெர்ட்ஸ்.

கியூப்ஐடிஇயில் டீபக்கை நிறுத்தி வைத்து ரெஜிஸ்டர்களைக் காட்டும் எஸ்எஃப்ஆர் சாளரத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கிறிஸ்டலும் சீரியல் வயரும் (டீபக்கர் இணையும் வழி) தெரிவு செய்த புரொஜெக்ட் என்றால் 40021018 இல் 35 தெரியும்: ஏ, சி, டி போர்ட்டுகளுக்கும், கால்களின் மாற்று வேலையைக் கவனிக்கும் ஏஎஃப்ஐஓவுக்கும் கிளொக். வேகத்தை 'ஹை' ஆக்கினால் அந்த 2, 3 ஆகிவிடும். பிசி13 க்கு அது வேண்டாம். அந்தக் கால் 2 மெகாஹெர்ட்ஸ், 3 மில்லிஅம்பியருக்கு மேல் தாங்காதது. இன்னொன்று, எல்இடி மறுபக்கம் 3.3 வோல்ட்டில் இருப்பதால் 0 எழுதினால்தான் எரியும்.

கொட்டாஞ்சேனை: முதல் தடவை புரோகிராம் ஏறியது. இரண்டாம் தடவை, புரோகிராம் ஏற்றும் எஸ்டி-லிங்க் கருவி 'டார்கெட் இல்லை' என்கிறது. புறக்கோட்டையில் வாங்கிய பலகை. செத்துவிட்டதா?

சாகவில்லை. நீங்கள்தான் கதவை உள்ளே பூட்டிவிட்டீர்கள். சிஸ்டம் கோர், எஸ்ஒய்எஸ், டீபக் என்ற இடத்தில் 'நோ டீபக்' அப்படியே இருந்திருக்கும். அப்படி விட்டால் கியூப்எம்எக்ஸ் உருவாக்கும் கோட், ஏஎஃப்ஐஓவின் 40010004 இல் பிட் 24 முதல் 26 வரை 4 என்று எழுதி பிஏ13, பிஏ14 இரண்டையும் டீபக்கரிடமிருந்து பறித்துவிடும். அந்த மூன்று பிட்டும் எழுத மட்டும்தான். திரும்ப வாசித்து நிலையை அறிய முடியாது.

மீட்பது இப்படி: சிப் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லும் பூட்0 ஜம்பரை 1 க்கு மாற்றி ரீசெட்டை அழுத்துங்கள். இப்போது உங்கள் கோட் ஓடாது, எஸ்டி-லிங்க் பிடிக்கும். முழுதாக அழித்து, ஜம்பரை 0 க்குக் கொண்டு வந்து, 'சீரியல் வயர்' தெரிவு செய்து திரும்ப ஏற்றுங்கள். 'கனெக்ட் அண்டர் ரீசெட்' வழியும் உண்டு, ஆனால் அதற்கு ரீசெட் வயர் வேலை செய்ய வேண்டும். யூஎஸ்பி குச்சி போன்ற மலிவு எஸ்டி-லிங்க் பலவற்றில் அந்தப் பின் எஸ்டிஎம்8 க்கு மட்டும்தான். ஜம்பரே நம்பிக்கையான வழி.

பலகையிலுள்ள சிப் அசலா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓப்பன்ஓசிடி என்ற டீபக் மென்பொருள் காட்டும் அடையாள எண் 1 இல் தொடங்காமல் 2 இல் தொடங்கினால் அது வேறு கம்பனியின் நகல். கியூப்ஐடிஇ அதை ஏற்க மறுக்கலாம்.

தெஹிவளை: யுவார்ட்1 க்கு (சீரியல் தொடர்பு) வேகம் 115200 கொடுத்தேன். லாப்டாப்பில் குப்பை எழுத்து வருகிறது.

யுவார்ட்1 இன் வேகத்தை வைத்திருக்கும் 40013808 ஐப் பாருங்கள். 72 மெகாஹெர்ட்ஸை 115200 ஆல் பிரித்தால் 625, ஹெக்ஸில் 271. அங்கே 45 இருந்தால் கிளொக் பக்கத்தில் நீங்கள் எதையும் தொடவில்லை, சிப் 8 மெகாஹெர்ட்ஸிலேயே ஓடுகிறது. அந்த நிலையிலும் எழுத்து ஓரளவு சரியாகவே வர வேண்டும், அதனால் லாப்டாப் பக்க வேகத்தையும் பாருங்கள்.

271 சரியாக இருந்தும் குப்பை என்றால் பிழை ரெஜிஸ்டரில் இல்லை, கிறிஸ்டலில். கிளொக் பக்கத்தில் எச்எஸ்இ (வெளிக் கிறிஸ்டல்) பெட்டியில் உள்ள எண்ணும் கிறிஸ்டல் தகரத்தில் அச்சிட்ட எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். புளூ பில்லில் 8. பிளாக் பில் எஃப்411 பலகையில் 25. அங்கே 8 என்று விட்டால் எல்லாக் கணக்கும் 3.125 மடங்கு பிழைக்கும். கருவிக்குக் கிறிஸ்டல் கண்ணுக்குத் தெரியாது, நீங்கள் சொன்னதைத்தான் நம்பும்.

பம்பலப்பிட்டி: டைமர்2 இல் பிடபிள்யூஎம் (துடிப்பின் அகலத்தால் கட்டுப்படுத்துவது) அமைத்தேன், சர்வோ அசையவே இல்லை.

பிரிஸ்கேலர் 71, பீரியட் 19999, பல்ஸ் 1500. முதல் இரண்டு எண்ணிலும் ஒன்று குறைத்து எழுதுவது கட்டாயம். 72 ஆல் பிரிக்க 71. டைமர்2 தொங்கும் ஏபிபி1 பஸ் 36 மெகாஹெர்ட்ஸ்தானே என்று பயப்பட வேண்டாம். பஸ்ஸை இரண்டால் பிரித்திருந்தால் டைமருக்கு மட்டும் இரட்டிப்பாகி 72 கிடைக்கும். 50 ஹெர்ட்ஸ், 1.5 மில்லிசெக்கன்.

எண்கள் சரியாக இருந்தும் அசையவில்லை என்றால் டைமர்2 இன் 40000000 இல், அதை ஓடவிடும் பிட் 0 ஐப் பாருங்கள். நிச்சயம் 0 ஆக இருக்கும். கருவி டைமரை அமைக்கும், ஓடவிடாது. 'பிடபிள்யூஎம் ஸ்டார்ட்' அழைப்பை நீங்களே போட வேண்டும். சர்வோவுக்குத் தனி 5 வோல்ட், கிரவுண்ட் பொது.

மருதானை: ஏடிசியை (வோல்ட்டை எண்ணாக்கும் பகுதி) டிஎம்ஏயோடு (தரவைத் தானே நினைவகத்துக்கு நகர்த்தும் பகுதி) சேர்த்தேன். பஃபர் முழுக்க பூச்சியம்.

மெயினில் டிஎம்ஏ இனிட், ஏடிசி இனிட்டுக்குப் பிறகு வருகிறதா? கியூப்எம்எக்ஸின் சில பதிப்புகள் அப்படி வரிசை மாற்றி எழுதின. கிளொக் போகாத பகுதியின் ரெஜிஸ்டரில் எழுதினால் சிப் பிழை சொல்லாது, எழுத்தை விழுங்கிவிடும். அதுதான் பூச்சியம். புரொஜெக்ட் மானேஜர், அட்வான்ஸ்ட் செட்டிங்ஸில் டிஎம்ஏயை மேலே ஏற்றுங்கள். கையால் மாற்றினால் அடுத்த ஜெனரேட்டில் பழையபடி ஆகும். போகிற போக்கில் ஏடிசி பிரிஸ்கேலரையும் 6 ஆக்குங்கள்: 12 மெகாஹெர்ட்ஸ் வரும், உச்சம் 14.

வெள்ளவத்தை, இன்னொருவர்: ஜெனரேட் பண்ணியதும் நான் எழுதிய கோட் காணாமல் போனது.

'யூசர் கோட் பிகின்', 'யூசர் கோட் எண்ட்' என்ற இரண்டு வரிக்கு நடுவே எழுதியது மட்டும் தப்பும். போனது போனதுதான், இனிமேல் ஜெனரேட்டுக்கு முன் கிட்டில் (கோட்டின் பழைய நிலைகளைச் சேமிக்கும் மென்பொருள்) கமிட் பண்ணுங்கள்.

கிராண்ட்பாஸ்: டிஎஸ்3231 கடிகார மொடியூல் ஐ2சியில் (இரண்டு வயரில் நடக்கும் தொடர்பு) பதில் தரவில்லை.

தரவுத்தாளில் முகவரி 104. கியூப்எம்எக்ஸ் கோட் பயன்படுத்தும் ஹால் நூலகம் ஒரு பிட் இடப்பக்கம் தள்ளிய எண்ணைக் கேட்கும், ஆகவே 208. எழுதிப் பார்த்தும் சரிவராவிட்டால் ஐ2சி1 இன் நிலையைக் காட்டும் 40005418 இல் பிட் 1 ஐப் பாருங்கள். எந்தப் பரிமாற்றமும் இல்லாமல் அது 1 இலேயே நின்றால், லைன் 'பிஸி' (வேலையில் உள்ளது) என்று சிக்கிக்கொண்டுள்ளது. எஃப்103 இன் பிழைப்பட்டியலில் உள்ள விஷயம் இது. ஐ2சியை அணைத்து, இரண்டு காலையும் ஓப்பன் டிரெயின் அவுட்புட்டாக்கி ஒரு தரம் தாழ்த்தி உயர்த்துங்கள். பிறகு கால்களை ஐ2சிக்கே திருப்பிக் கொடுத்து, 40005400 இல் ஐ2சியை ரீசெட் பண்ணும் பிட் 15 ஐ ஏற்றி இறக்கி, திரும்ப இனிட் பண்ணுங்கள். அதற்கு முன் மீட்டரை எடுத்து இரண்டு லைனும் சும்மா இருக்கும்போது 3.3 வோல்ட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். எஃப்103 இல் ஐ2சி கால்களுக்கு உள் புல்-அப் (லைனை மேலே இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) கிடையாது, மொடியூலில் இல்லாவிட்டால் 4.7 கிலோஓம் இரண்டு போட வேண்டும்.