கடித்தது அப்பு, கோபம் கொல்லைக்கு வந்தவன்மேல்

வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எங்கள் வீட்டுப் பூனை அப்புவுக்கு நாலு வயது. குட்டியிலேயே தெருவிலிருந்து எடுத்துவந்து வளர்த்தேன். கருத்தடை ஆபரேஷன், தடுப்பூசி எல்லாம் ஆகிவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் சமையலறை ஜன்னலில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். எப்போதும்போல முதுகைத் தடவினேன். ஒரே பாய்ச்சலாகக் கையைக் கவ்வி, பின்னங்கால் நகத்தால் முழங்கை வரை கீறிவிட்டான். உதறிவிட்டு ஓடினேன். கூடம் வரை துரத்திவந்து கெண்டைக்காலிலும் கடித்தான். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டேன், ஆறிவிட்டது. மறுநாளும் என்னைப் பார்த்து உறுமினான். இப்போது பழையபடி இருக்கிறான், எனக்குத்தான் கிட்டே கை கொண்டுபோக நடுங்குகிறது. மாமியார், "நன்றி கெட்ட ஜென்மம், மீன் மார்க்கெட்டில் விட்டுவிட்டு வா" என்கிறார். விட்டுவிடலாமா டாக்டர்?

பி.கு.: மாமியாருக்குப் பூனையே ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். கொல்லையில் வந்து கத்தும் ஒரு செவலைப் பூனைக்குத் தினமும் மீன் தலை வைப்பவர் அவர்தான்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம் அம்மா, விட்டுவிடாதீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் தேடும் காரணத்தை நீங்களே பின்குறிப்பில் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் கை.

மஞ்சள், சுண்ணாம்பு, காப்பிப்பொடி எதையும் இனிமேல் கடிவாயில் வைக்காதீர்கள். குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். பிறகு நேரே ஆஸ்பத்திரி. ரேபிஸ் நாயிடமிருந்து மட்டும்தான் வரும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், பூனை கடித்தாலும் வரும். அரசு மருத்துவமனைகளில் ரேபிஸ் தடுப்பூசியை இலவசமாகவே போடுகிறார்கள். தோலுக்குள் போடும் முறையில், முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்துக்கொண்டு 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போட வேண்டும். கடித்த பூனை 10 நாள் கழித்தும் நன்றாக இருந்தால் அந்தக் கடியால் ரேபிஸ் வராது. அப்பு மூன்று வாரமாகத் தின்று உறங்கி நன்றாக இருப்பதால் அந்தப் பயம் உங்களுக்கு வேண்டாம். ஆனால் அந்த 10 நாள் முடியட்டும் என்று ஊசிக்குப் போகாமல் காத்திருப்பது தவறு.

இன்னொன்று. பூனையின் பல் ஊசிபோல மெல்லியது. ஆழமாக இறங்கும், மேலே தோல் சீக்கிரம் மூடிக்கொள்ளும், கிருமி உள்ளேயே தங்கிவிடும். சில வருடங்களுக்கு முன் எனக்குக் கட்டைவிரல் அடியில் ஒரு கடி விழுந்தது. நண்பகலில் பார்த்தபோது இரண்டே இரண்டு சிவப்புப் புள்ளிகள். ராத்திரி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, காலையில் மணிக்கட்டு வரை சிவந்து வீங்கிவிட்டது. விரல், மணிக்கட்டு, மூட்டுப் பக்கம் கடி என்றால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

சரி, அப்புவுக்கு வருவோம். அந்தச் செவலை அநேகமாகக் கடுவனாக இருக்கும். அது கொல்லைக்கு வருகிறது, கத்துகிறது, சுவரில் மூத்திரம் அடித்துவிட்டுப் போகிறது. வீட்டுக்குள் இருப்பவனுக்கு இது தன் எல்லைக்குள் எதிரி நுழைந்த மாதிரி. நடுவில் ஜன்னல் இருக்கிறது, பாய முடியாது, ஓடவும் மனம் வராது. உடம்பெல்லாம் முறுக்கேறி நிற்கும் அந்த நேரத்தில்தான் பின்னாலிருந்து உங்கள் கை முதுகில் பட்டிருக்கிறது. அவன் உங்களைக் கடிக்கவில்லை, கைக்குச் சிக்கியதைக் கடித்தான். எதிரியைத் தொட முடியாதபோது பக்கத்தில் இருப்பவர்மேல் பாய்வது பூனைகளிடம் நாங்கள் அடிக்கடி பார்ப்பதுதான். சம்பவத்துக்கு முன் ஒரு நிமிடம் அவன் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: கண்மணி கறுப்பாக முழுசும் விரிந்திருக்கும், காது பக்கவாட்டில் மடங்கியிருக்கும், வால் நுனி மட்டும் பட் பட்டென்று அடித்துக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட பூனையை யாரும் தொடக்கூடாது, அது நம் மடியில் வளர்ந்த பூனையாக இருந்தாலும் சரி.

மறுநாள் உறுமினானே, அதுவும் இதன் தொடர்ச்சிதான். அந்தப் படபடப்பு அடங்கச் சில மணி நேரம் ஆகும், சில பூனைகளுக்கு இரண்டு மூன்று நாள்கூட ஆகும். அதோடு, நீங்கள் அலறியதும் உதறியதும் அவன் மனதில் செவலையோடு சேர்ந்து பதிந்திருக்கும். அவனுக்கும் உங்களைப் பார்த்தால் பயமாகத்தான் இருந்திருக்கும்.

இனி செய்ய வேண்டியது. மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், செவலையைப் பட்டினி போட வேண்டாம், மீன் தலையைக் கொல்லையில் வைக்காமல் அப்பு கண்ணுக்குத் தெரியாத வாசல் பக்கம் தள்ளி வைக்கட்டும். முடிந்தால் அந்தக் கடுவனையும் பிடித்துக் கருத்தடை செய்துவிடுங்கள், கத்தலும் சுவரை நனைப்பதும் பெருமளவு குறையும். சமையலறை ஜன்னலின் கீழ்ப்பாதியில் பழைய நியூஸ்பேப்பர் ஒட்டுங்கள். அது மூத்திரம் அடித்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். பினாயில் ஊற்றாதீர்கள், பூனைக்கு அது நஞ்சு.

மறுபடி ஒருமுறை அப்படிச் சீறினால் அடிக்காதீர்கள், தூக்காதீர்கள், சமாதானப்படுத்தவும் போகாதீர்கள். தலையணையோ கனத்த போர்வையோ, கிடைத்ததை நடுவில் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பின்வாங்கிக் கதவைச் சாத்திவிடுங்கள். உள்ளே இருட்டாக, அமைதியாக இருக்கட்டும். தண்ணீரும் மண் தட்டும் இருந்தால் போதும். அவனாக வந்து சோறு கேட்கும்வரை விடுங்கள்.

காரணம் செவலைதான் என்று நான் எவ்வளவு உறுதியாக நினைத்தாலும், அப்புவை ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் காட்டச் சொல்வேன். திடீர்க் கோபத்துக்குப் பின்னால் வலி இருப்பது உண்டு. பூனை வலியை வெளியே காட்டாது. ஒரு பாட்டி தன் பூனையைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தார். பத்து வருடம் மடியில் கிடந்தது, தாடையைத் தடவினால் கடிக்கிறது என்று அழுதார். உதட்டை மெல்லத் தூக்கிப் பார்த்தேன். கடைவாய்ப் பல்லின் ஓரத்தில் ஈறு ரத்தச் சிவப்பாகப் பல்மேல் ஏறியிருந்தது, ஒரு பல் வேரில் பாதி அரித்துப்போயிருந்தது. மயக்க மருந்து கொடுத்து மூன்று பல்லை எடுத்தோம். இரண்டு வாரம் கழித்துப் பாட்டி மறுபடி வந்தார், கூடை இல்லாமல், பூனையைத் தோளில் போட்டுக்கொண்டு.

ஆண் பூனை என்பதால் இதையும் கவனியுங்கள். மண் தட்டில் அடிக்கடி போய் உட்கார்ந்து முக்குகிறது, கத்துகிறது, ஒரு சொட்டும் வரவில்லை என்றால் மூத்திரம் அடைத்துக்கொண்டிருக்கலாம். விடியட்டும் என்று இருக்காதீர்கள், இரண்டு மூன்று நாளில் உயிரே போய்விடும். வயதான பூனை மெலிந்துகொண்டே போய், பசியும் கோபமும் கூடினால் தைராய்டுக்கு ரத்தம் பார்க்க வேண்டும்.

மீன் மார்க்கெட் பேச்சு இனி வேண்டாம் அம்மா. அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் பூனைகள் அவனை நெருங்க விடாது, வீட்டுச் சோறு தின்று வளர்ந்தவனுக்குத் தேடித் தின்னவும் தெரியாது. பட்டினி கிடக்கும் நிலையில் வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

உங்கள் கை நடுக்கம் போக அவசரம் இல்லை. தினமும் அப்புவுக்கு நீங்களே சோறு வையுங்கள். தரையில் உட்கார்ந்து ஒரு விரலை அவன் மூக்குக்கு எதிரே நீட்டுங்கள். அவன் வந்து கன்னத்தைத் தேய்த்தால் கன்னத்தை மட்டும் இரண்டு தடவை தடவி நிறுத்திவிடுங்கள். முதுகு அப்புறம்.

கேள்வி: எங்கள் நாலு மாதக் குட்டி ராத்திரி போர்வைக்குள் அசையும் காலைப் பிடித்துக் கடிக்கிறது. இதுவும் கோபமா?

— கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: இல்லை, வேட்டை விளையாட்டு. கூடப் பிறந்த குட்டிகளோடு புரளும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று குட்டி கற்றுக்கொள்ளும். தாயைச் சீக்கிரம் பிரிந்த குட்டிக்கு அது தெரியாது. விரலை ஆட்டி விளையாட்டுக் காட்டும் பழக்கத்தை வீட்டில் எல்லோரும் இன்றே நிறுத்துங்கள். கயிற்றில் துணி கட்டிப் படுக்கப் போகுமுன் பத்து நிமிடம் ஓடவிட்டு, உடனே சாப்பாடு வையுங்கள், தூங்கிவிடும். கயிற்றை மறக்காமல் எடுத்து வைத்துவிடுங்கள், விழுங்கினால் குடலில் சிக்கிக்கொள்ளும். காலைக் கடிக்கும்போது இழுக்காதீர்கள், இழுத்தால் எலி ஓடுகிறது என்று இன்னும் இறுக்கிப் பிடிக்கும்.

கேள்வி: பூனை வலியால் சீறுகிறது என்று தோன்றினால் வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கலாமா?

— வாசகி, சேலம்

பதில்: கொடுக்கவே கூடாது. அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குப் போதாது. ரத்தம் பழுப்பாகி, ஈறு நிறம் மாறி, முகமும் பாதமும் வீங்கி, மூச்சுக்குத் திணறும். நீங்கள் சொல்லும் கால் மாத்திரையே விஷம்தான். தெரியாமல் ஏற்கெனவே கொடுத்திருந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு இப்போதே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப்போங்கள்.