மென்பொருள் வேலை: மலையகத்துப் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில்

தலவாக்கலை மாணவி: அண்ணா, உயர்தரத்தில் நான் கலைப்பிரிவு. மென்பொருள் பொறியியலாளராக வர வழி இருக்கிறதா?

இருக்கிறது. ஒன்று என்.வி.கியூ எனப்படும் தேசிய தொழிற்தகைமை வழி: 5ஆம் மட்டம் டிப்ளோமா, 6 உயர் டிப்ளோமா, 7 பட்டம். மற்றது கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பி.ஐ.டி (தகவல் தொழில்நுட்ப இளமாணி) வெளிவாரிப் பட்டம். பரீட்சை ஆங்கிலத்தில் என்பதால் இப்போதே ஆங்கிலத்தில் வாசிக்கப் பழகுங்கள். தகுதி விபரத்தை அந்தந்த வருட அறிவித்தலில் பாருங்கள் தங்கச்சி, ஆள் சொன்னதைக் கேட்டுக் காசு கட்ட வேண்டாம்.

ஹட்டன் தம்பி: தோட்டத்துக் கொழுந்து நிறை, பெயர்ப்பட்டியல் இரண்டையும் பதிய ஒரு செயலி செய்கிறேன். நேர்முகப் பரீட்சையில் காட்டலாமா?

தாராளமாக. இன்னொரு 'செய்ய வேண்டியவை' பட்டியல் செயலியைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் மூன்று இடத்தில் வழுக்கும்.

நிறையைத் தசமமாக வைக்காதீர்கள். கணினியின் இரும எண்ணில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும், மாதக் கடைசியில் கூட்டுத்தொகை ஒத்துவராது. 18.4 கிலோவை 18400 கிராம் என்று முழு எண்ணாகவும், சம்பளத்தைச் சதமாகவும் சேமியுங்கள்.

அடுத்தது பெயர். 'கோவிந்தசாமி' கண்ணுக்கு ஆறு எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் 11 குறியீடுகள். அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒன்றுக்கு 3 பைட் வீதம் 33 பைட். ஒரக்கிள் தரவுத்தளத்தில் நீளம் 30 என்று கொடுத்தால் அது வழமையாகப் பைட் கணக்கு, பெயர் உள்ளேயே போகாது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் எழுத்துக்குறிக் கணக்கு, அங்கே பிரச்சினையில்லை. அதே 'கோ'வைச் சில விசைப்பலகைகள் ஒரே உயிர்க்குறியாகவும், சில இரட்டைக்கொம்பு, கால் என்று தனித்த இரண்டு குறிகளாகவும் அனுப்பும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, தேடினால் ஆளைக் காணாது. சேமிக்கும்போதும் தேடும்போதும் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடின் என்.எஃப்.சி முறையில் சீராக்கிவிடுங்கள்.

மூன்றாவது, யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துரு. பழைய பட்டியல் அதில் இருந்தால் உள்ளே இருப்பது தமிழே அல்ல, ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும், மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி (;)! கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்பதால் ஒவ்வொன்றாக மாற்றினால் 'கொ' குழம்பும். மூன்று குறி சேர்ந்தவற்றை முதலில் மாற்றுங்கள், பிறகு இரண்டு, கடைசியில் தனி எழுத்து.

பண்டாரவளை வாசகர்: நேற்று வேலை செய்தது, இன்று இல்லை. எங்கே தொடங்குவது?

நிரலைத் தொடுவதற்கு முன் பிழையை மறுபடி வரவழையுங்கள்: எந்த உள்ளீடு, எந்தப் பொத்தான். வராத பிழையைத் திருத்தியதாகச் சொல்ல முடியாது. பிறகு, நிரலின் மாற்றங்களைப் பதிவு பதிவாக வைத்திருக்கும் கிட் கருவியில் 'பைசெக்ட்' கட்டளை. நன்றாக ஓடிய பழைய பதிவையும் ஓடாத புதியதையும் காட்டினால் அது பாதி பாதியாகப் பிரித்துக் கேட்கும். இடையில் 100 பதிவுகள் இருந்தாலும் ஏழு சோதனைக்குள் குற்றவாளி அகப்படும். வெள்ளிக்கிழமை பின்னேரம் எல்லாவற்றையும் ஒரே பதிவாகத் திணிப்பவர்களுக்கு இது உதவாது. ஒரு மாற்றம், ஒரு பதிவு.

ஹப்புத்தளை அக்கா: மழை வந்தால் இணையம் போய்விடுகிறது.

கிட்டில் பதிவு செய்ய இணையம் தேவையில்லை, மேலே அனுப்பும்போதுதான் தேவை. பெரிய நிரல் களஞ்சியத்தை முதன்முறை இறக்கும்போது இடையில் அறுந்தால் அது முதலிலிருந்து தொடங்கும். ஆகவே 'டெப்த் 1' தெரிவுடன் கடைசிப் பதிவை மட்டும் எடுங்கள் அக்கா, பழைய வரலாற்றை இரவில் இறக்கலாம்.

பதுளை தம்பி: சுயவிபரக் கோவையில் பொழுதுபோக்கு எழுத வேண்டுமா?

ஒரு வரி போதும், அதுவும் குறிப்பாக இருந்தால். 'கிரிக்கெட்' என்று மட்டும் போட்டால் ஒருவரும் கேட்கப்போவதில்லை. 'பாடசாலை அணியின் ஓட்டப் பதிவை விரிதாளில் வைத்திருக்கிறேன்' என்றால் கேட்பார்கள், அந்த விரிதாளைக் காட்டத் தயாராகப் போங்கள்.