போட்டோ ஸ்டாப்புக்கு நாலு லட்சமா?
வாங்குவோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மத்தியதரைக் கடலோரப் பஸ் டூர் பற்றியவை. கோடை முடிந்து ஊர் திரும்பியவர்கள் எழுதியிருக்கிறார்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு நானும் மனைவியும் போன முதல் வெளிநாட்டுப் பயணம். ஸ்பெயினின் பார்சிலோனாவில் ஆரம்பித்து இத்தாலியின் பைசாவில் முடிகிற 9 இரவு டூர், இருவருக்கும் சேர்த்து 4 லட்சத்துக்கு மேல் ஆனது. பார்சிலோனாவின் சக்ராடா ஃபமிலியா ஆலயம், பிரான்ஸில் ஆர்ல் நகரத்து ரோமானிய அரங்கம், பைசா கோபுரம் எல்லாம் நோட்டீஸில் படத்தோடு இருந்தன. ஒன்றுக்குள்ளும் அழைத்துப் போகவில்லை. 20 நிமிடம் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு பஸ்ஸைக் கிளப்பினார்கள். கேட்டால், "போட்டோ ஸ்டாப் என்றுதானே போட்டிருக்கிறோம்" என்கிறார்கள். — ஈரோடு வாசகர்

ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்து மனசு கனத்துப் போனது. இந்த ஒரு சொல்லைப் பற்றி நான் பல வருடமாகப் புலம்பிக்கொண்டிருக்கிறேன், இன்றைக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

டூர் நோட்டீஸில் ஊர்ப் பெயர்களைப் படிக்கிறோம். படிக்க வேண்டியது அந்தப் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சொல்லை. "போட்டோ ஸ்டாப்" என்றால் இறங்கி வெளியிலிருந்து பார்ப்பது. "பனோரமிக் டூர்" என்றால் பஸ் கண்ணாடி வழியாகப் பார்ப்பது, இறங்குவதே இல்லை. "ஓய்வு நேரம்" என்றால் கைடு கூட வரமாட்டார். "ஆப்ஷனல்" என்றால் அங்கே போய் யூரோவில் தனியாகக் கட்ட வேண்டும். "நுழைவுக் கட்டணம் உட்பட" என்று எழுத்தில் இருந்தால் மட்டும்தான் உள்ளே போவீர்கள். பிரான்ஸில் "நீஸ் பகுதியில் தங்கல்" என்பதும் இதே வகைதான். விடுதி நீஸ் நகரத்துக்குள் இருக்கும் என்று அதற்கு அர்த்தமில்லை. தினமும் ஒரு மணி நேரம் பஸ்ஸிலேயே போகலாம்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? சக்ராடா ஃபமிலியாவுக்கு நேரம் குறித்த டிக்கெட்தான், முன்கூட்டியே வாங்க வேண்டும். பைசா கோபுரத்திலும் ஒரு நேரத்தில் சிலரைத்தான் ஏற விடுவார்கள். பஸ் தாமதமானால் 40 டிக்கெட்டும் வீணாகும். அந்தச் செலவையும் தலைவலியையும் தவிர்க்கத்தான் போட்டோ ஸ்டாப். மிச்சமாவது அவர்களுக்கு, இழப்பு உங்களுக்கு. ஆர்ல் அரங்கம் கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. சுமார் 20,000 பேர் உட்காரக் கட்டினார்கள். வெளியே நின்றால் வளைவுகள்தான் தெரியும். உள்ளே போய் மேல் வரிசைக்கு ஏறினால்தான் அது எவ்வளவு பெரியது என்று புரியும், அரங்கத்துக் கோபுரத்திலிருந்து ரோன் நதியும் தெரியும். அவ்வளவு தூரம் போனவர்களை வாசலோடு திருப்பி அனுப்புவது அநியாயம்.

இப்போது என்ன செய்யலாம்? நோட்டீஸ், ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். நோட்டீஸில் போட்டிருந்தது அரங்கத்தின், ஆலயத்தின் உட்புறப் படமா என்று பாருங்கள். உட்புறத்தைக் காட்டி விற்றுவிட்டு வெளியே நிறுத்தியிருந்தால் தவறான விளம்பரம் என்று வாதிட இடமிருக்கிறது. முதலில் 1915-க்கு அழைத்து நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்யுங்கள். தீராவிட்டால் ஈரோட்டிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடலாம். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எழுத்தில் "போட்டோ ஸ்டாப்" இருப்பதால் முழுப் பணமும் வரும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். ஆனால் கேட்காமல் விடாதீர்கள்.

பிரான்ஸ்–இத்தாலி எல்லையில் வென்டிமிலியா வெள்ளிக்கிழமைச் சந்தையில் பிராண்ட் கைப்பைகள் மலிவாகக் கிடைக்குமாமே, நல்ல காப்பியை எப்படிக் கண்டுபிடிப்பது? — சென்னை வாசகி

வாங்காதீர்கள். இத்தாலியில் போலிப் பொருள் விற்பவருக்கு மட்டுமல்ல, வாங்குபவருக்கும் அபராதம் உண்டு, 7,000 யூரோ வரை.

துருக்கி அந்தால்யாவில் எங்கள் குழுவை ஒரு கம்பளக் கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். ஆப்பிள் டீ கொடுத்து இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். ஆஸ்பெண்டோஸ் என்ற பழைய ரோமானிய அரங்கத்துக்குக் கிடைத்தது 35 நிமிடம்தான். 1,900 யூரோவுக்குப் பட்டுக் கம்பளம் ஒன்றைக் கிரெடிட் கார்டில் வாங்கினேன், வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். வந்தது வேறு கம்பளம். வீட்டில் எல்லோரும் என்னைத்தான் திட்டுகிறார்கள். — திருச்சி வாசகி

அம்மா, உங்கள் மேல் தப்பில்லை. கதவைச் சாத்தி, டீ கொடுத்து, ஒவ்வொரு கம்பளமாக விரித்து, கடைசியில் தனியறைக்கு அழைத்து விலை பேசுவது பழகிய கைகள் செய்கிற வேலை. மலிவு டூர்களின் விலை மலிவாக இருப்பதே இந்தக் கடைகள் தருகிற கமிஷனால்தான். ஆஸ்பெண்டோஸைப் போல 1,800 வருடத்துக்கு மேலாகியும் இவ்வளவு முழுமையாக நிற்கும் ரோமானிய அரங்கங்கள் வெகு சில. அதற்கு 35 நிமிடம், கடைக்கு இரண்டு மணி நேரம் என்பதிலேயே டூர் யாருக்காக நடக்கிறது என்று தெரிகிறது.

நானும் அங்கே ஏமாந்திருக்கிறேன். 2014-இல் அதே கடற்கரையில் ஒரு கூடத்தில் 600 யூரோ கொடுத்து பட்டு என்று சொன்ன சின்ன விரிப்பை வாங்கினேன். ஊருக்கு வந்து குஞ்சத்திலிருந்து இரண்டு இழை உருவிக் கொளுத்திப் பார்த்தேன். பட்டு எரிந்தால் முடி கருகும் வாடை வரும். எனக்கு வந்தது காகிதம் எரியும் வாடை. பளபளப்பேற்றிய பருத்தி. பணமாகக் கொடுத்திருந்ததால் ஒரு பைசா திரும்பவில்லை. அந்த விரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் வலிக்கிறது.

உங்களுக்கு வழி இருக்கிறது. கார்டில் கட்டியிருக்கிறீர்கள். சொன்ன பொருள் வரவில்லை என்று வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து "சார்ஜ்பேக்", அதாவது கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேளுங்கள். இதற்கு நாள் கணக்கு உண்டு, அதனால் இன்றைக்கே எழுதுங்கள். பில், வந்த கம்பளத்தின் படம், கடையில் எடுத்த படம் மூன்றையும் இணையுங்கள். கடையிலேயே நீங்கள் வாங்கிய கம்பளத்தின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டிருந்தால், வந்ததில் அது இல்லை என்பதே நல்ல சாட்சி.

ஃபேஸ்புக்கில் விளம்பரம் பார்த்து, நீஸ்–மொனாக்கோ–ஜெனோவா டூருக்கு ஒருவரின் சொந்த ஜிபே எண்ணுக்கு 2.6 லட்சம் அனுப்பினேன். ரசீது கேட்கவில்லை. இப்போது போன் எடுக்கவில்லை. — மதுரை வாசகர்

ஐயாயிரம் ரூபாய்க்கு மிக்ஸி வாங்கினால் பில்லும் வாரன்ட்டி கார்டும் கேட்கிறீர்கள். 2.6 லட்சத்தை முகம் தெரியாதவரின் சொந்தக் கணக்குக்கு எப்படி அனுப்பினீர்கள்? இதே பத்தியில் எத்தனை முறை எழுதுவது? சரி, நடந்தது நடந்துவிட்டது. இது மோசடி, சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு உடனே அழையுங்கள். பணம் கணக்கு மாறுவதற்குள் முடக்கினால்தான் உண்டு. வங்கிக்கும் எழுதுங்கள். இந்தக் கடிதத்தை எனக்கு அனுப்பிய நேரத்தில் அதைச் செய்திருக்கலாம்.

பாரிஸில் வசிக்கிறோம். பிரெஞ்சு நிறுவனம் ஒன்றில் பார்சிலோனா வரை பஸ் டூர், தலைக்கு 1,600 யூரோ, முழுவதும் கட்டியாயிற்று. புறப்பட 12 நாள் இருக்கையில் டீசல் விலை ஏறியதாகச் சொல்லி 200 யூரோ கூடக் கேட்கிறார்கள். — லா ஷப்பேல் வாசகர்

கொடுக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் பேக்கேஜ் பயண விதிப்படி, புறப்பட 20 நாளுக்குள் விலையை ஏற்றவே கூடாது. அதற்கு முன்பே கேட்டிருந்தாலும், 8 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் நீங்கள் அபராதமில்லாமல் ரத்து செய்து பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 1,600-க்கு 8 சதவீதம் 128 யூரோதான். இதை எழுதி மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

பிரான்ஸில் நீம் நகரம் போய்ச் சேர்வதற்குள் டிரைவர் நடுவழியில் 45 நிமிடம் பஸ்ஸை நிறுத்திவிட்டார். இரவு நீஸ் பக்கத்து ஏஸ் கிராமத்துக்குப் போகவும் மறுத்தார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவருக்கு டிப்ஸ் கொடுக்கவில்லை. சரிதானே? — கோவை வாசகர்

சரியில்லை. ஐரோப்பாவில் பஸ் டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியே ஆக வேண்டும். ஒரு நாளுக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. மீறினால் அவர்தான் சிக்குவார். உங்கள் 40 பேர் உயிருக்காகத்தான் அந்த விதி. கணக்குப் போடாமல் ஒரே நாளில் அத்தனை ஊரையும் அடைத்தது உங்கள் ஏஜென்ட். கோபம் அங்கே போக வேண்டியது. அந்த டிரைவரை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பார்சிலோனாவில் 2 இரவு, நீஸில் 3, இத்தாலியில் 4. ஸ்பெயினில் தேதி சீக்கிரம் கிடைக்கிறது என்று ஏஜென்ட் அங்கேயே விசாவுக்குப் போட்டார். பயண நோக்கம் நம்பும்படி இல்லை என்று மறுத்துவிட்டார்கள். 80,000 முன்பணத்தைத் தர மறுக்கிறார். — வேலூர் வாசகி

எந்த நாட்டில் அதிக இரவுகளோ, அந்த நாட்டில்தான் ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா) கேட்க வேண்டும். உங்களுக்கு அது இத்தாலி. ஏஜென்ட்டுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது, சேவைக் குறைபாடு அவருடையது. விசாக் கட்டணம் திரும்ப வராது. மீதிப் பணத்தில் உண்மையில் செலவானதற்கு ரசீது கேளுங்கள், ரசீது இல்லாததைத் திருப்பித் தரச் சொல்லி எழுதுங்கள். அப்புறம் 1915.

அங்கே கடையில் கார்டு மெஷின் "ரூபாயா, யூரோவா" என்று கேட்டால் எதில் கட்டுவது? — தஞ்சை வாசகர்

யூரோ.

இத்தாலியின் கடலோரச் சிங்க்வே தெர்ரே கிராமங்கள் ஐந்துக்கும் பஸ்ஸிலேயே அழைத்துப் போவதாகச் சொல்கிறார்கள். நம்பலாமா? — நாகர்கோவில் வாசகி

அந்தக் கிராமங்களுக்குள் டூர் பஸ் போகாது. பக்கத்து நகரமான லா ஸ்பெசியாவில் பஸ்ஸை விட்டுவிட்டு ரயிலிலோ படகிலோதான் போக வேண்டும். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. ரயில் டிக்கெட் யார் செலவு, எத்தனை கிராமத்தில் இறங்குவீர்கள், எவ்வளவு நேரம் என்று மூன்றையும் எழுத்தில் வாங்கிய பிறகு முன்பணம் கொடுங்கள்.